அந்த ஸ்டிக்கரில் உங்கள் கையெழுத்து

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் பயிற்சி டெக்னீஷியனாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இதுவரை நான் செய்ததெல்லாம் கருவிகளைத் துடைப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, வார்டுக்கும் எங்கள் அறைக்கும் இடையே தள்ளிக்கொண்டு போவது, ரிஜிஸ்டரில் எண் எழுதுவது, இவ்வளவுதான். இதற்கு முன் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு நாளில் பத்து போனைத் திறப்பேன். இங்கே சால்டரிங் அயர்னைத் தொட்டதுகூட இல்லை. டிப்ளமோ போதுமா, டிகிரி படிக்க வேண்டுமா? உடலியல் எல்லாம் தெரிய வேண்டுமா? கருவி விற்கும் கம்பெனியில் சர்வீஸ் வேலைக்குப் போவது நல்லதா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாகவும் இருக்கிறது. நான் சரிசெய்த கருவி ஒரு நோயாளியிடம் போய்த் தவறு செய்துவிட்டால்?

பின்குறிப்பு: எங்கள் ஐசியூவில் ஒரு படுக்கையில் மட்டும் மானிட்டரின் ஈசிஜி கோடு எப்போதும் நடுங்குகிறது. இரண்டு முறை மானிட்டரை மாற்றினோம், அப்படியேதான் இருக்கிறது. சீனியர் அண்ணன் "அது அப்படித்தான், விடு" என்கிறார். ஏன் அப்படி?

அன்புள்ள தம்பி,

கடைசியாகக் கேட்ட பயத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் இந்த வேலைக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பயம் எனக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் அது ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது கருவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை அளந்து பார்க்க வைக்கிறது. அந்த மாற்றம் எப்படி வந்தது என்று சொன்னால் உங்கள் மற்ற கேள்விகளில் பாதிக்கும் பதில் கிடைத்துவிடும்.

செல்போன் வேலையில் போன் ஆன் ஆனது, அழைப்பு போனது, சார்ஜ் ஏறியது என்றால் வேலை முடிந்தது. மருத்துவக் கருவியில் அந்த இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. செத்துப்போன பம்பை யாரும் நோயாளிக்கு மாட்ட மாட்டார்கள், வேறொன்றை எடுத்துக்கொள்வார்கள். விளக்கு எரிந்து, திரையில் எண் ஓடி, ஆனால் தப்பான அளவில் மருந்து தள்ளும் பம்பைத்தான் மாட்டுவார்கள். நான் பயப்படுவது அந்தப் பம்புக்குத்தான்.

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஐசியூவிலிருந்து ஒரு சிரிஞ்ச் பம்ப், அதாவது சிரிஞ்சை மோட்டாரால் மெல்லத் தள்ளி மருந்து ஏற்றும் கருவி, வந்தது. "மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது" என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். என் மேசையில் ஒரு சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி, மணிக்கு 10 மில்லி என்று வைத்து, ஒரு மணி நேரம் அளவுக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். சரியாக 10 மில்லி. "பழுது இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். நான்கு நாள் கழித்து அதே பம்ப், அதே புகார். மறுபடியும் அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் "பழுது இல்லை." மூன்றாவது முறை அந்த வார்டின் மூத்த நர்ஸ் பம்பைக் கொடுத்தனுப்பவில்லை. நேரே என் அறைக்கு வந்து, "நீ ஒரு தடவை மேலே வந்து பாரும்மா" என்றார்.

போய்ப் பார்த்தேன். பம்பில் இருந்தது வேறு கம்பெனி சிரிஞ்ச். ஸ்டோரில் கொள்முதல் மாறியிருந்தது. வார்டுக்குப் புது சிரிஞ்ச் வந்திருந்தது. பம்பின் மெனுவில் மட்டும் பழைய கம்பெனியின் பெயரே இருந்தது. சிரிஞ்ச் பம்புக்கு உள்ளே போகும் திரவம் தெரியாது. மோட்டார் சிரிஞ்சின் தண்டை இத்தனை மில்லிமீட்டர் தள்ளியது என்பது மட்டும்தான் தெரியும். அதை மில்லி கணக்குக்கு மாற்ற சிரிஞ்சின் உள்விட்டத்தை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உள்விட்டம் 28 மில்லிமீட்டர் என்று பம்ப் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அது 29 ஆக இருந்தால், விட்டத்தின் வர்க்கத்தில் வித்தியாசம் வருவதால் சுமார் 7 சதவீதம் மருந்து கூடுதலாகப் போகும். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகளில் அது சின்ன விஷயமே இல்லை.

என் மேசை டிராயரில் இருந்தவை பழைய சிரிஞ்சுகள். அதனால்தான் என்னிடம் மட்டும் கணக்குச் சரியாக வந்தது. அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் காரணம் அந்த நர்ஸ் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. என் சோதனைக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. அன்றே எல்லா வார்டுகளிலும் பம்ப் மெனுவைச் சரிபார்த்தோம். சிரிஞ்ச் கம்பெனி மாறினால் எங்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும் என்று ஸ்டோருடன் பேசி முடிவு செய்தோம். "பழுது இல்லை" என்று நான் எழுதிய அந்த இரண்டு சீட்டுகள் இன்னும் என் மனதில் இருக்கின்றன. அதற்குப் பிறகு, புகார் கொடுத்தவரிடம் நின்று பேசாமல் அந்த இரண்டு சொற்களை நான் எழுதியதே இல்லை.

இதே விஷயம் இன்னும் எவ்வளவோ பெரிய அளவில் நடந்திருக்கிறது. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. அவர்களில் சிலர் இறந்தார்கள். கருவியை இயக்கியவர்கள் புகார் சொன்னபோது, அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்ற பதில்தான் முதலில் வந்தது. 1986இல் அமெரிக்காவின் டெக்சஸில் இருந்த ஒரு மருத்துவமனையில் அங்கேயே வேலை பார்த்த இயற்பியலாளர் ஒருவர் கருவியை இயக்கிய பெண்ணோடு உட்கார்ந்தார். அவர் எந்த வரிசையில், எந்த வேகத்தில் எழுத்துகளை அடித்தார் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். திரையில் தவறாக அடித்ததை அவர் வேகமாகத் திருத்தும்போது மட்டும் மென்பொருள் தடுமாறியது. மெதுவாக அடித்துச் சோதித்தவர்கள் யாருக்கும் அது பிடிபடவே இல்லை. முந்தைய மாடல்களில் இப்படி நடந்தால் தடுக்கத் மென்பொருளைச் சாராத தனிப் பாதுகாப்புப் பூட்டு இருந்தது; இந்த மாடலில் அதை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள்.

நர்ஸோ ஆபரேட்டரோ "ஏதோ சரியில்லை" என்று சொன்னால், அவர்களுக்கு இயக்கத் தெரியவில்லை என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். பல நேரம் இயக்கியதில்தான் கோளாறு இருக்கும், அது உண்மை. அப்போதும் நேரில் போய்ப் பார்த்தால்தான் அது தெரியவரும், சொல்லிக்கொடுத்துவிட்டும் வரலாம்.

அப்புறம், சோதனை என்றால் என்ன என்பதில் தெளிவாக இருங்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் ஆக்சிமீட்டரை நம் விரலில் மாட்டி "98 காட்டுகிறது, சரியாக இருக்கிறது" என்பார்கள். உங்கள் பிரிவிலும் பார்த்திருப்பீர்கள். ஆரோக்கியமான விரலில் எல்லா ஆக்சிமீட்டரும் 97, 98தான் காட்டும். நோயாளிக்கு 85க்கு இறங்கும்போது அது 85 என்று காட்டுமா என்பதுதான் கேள்வி. அதற்கு, அப்படி இறங்கிய அளவைப் போலியாக உண்டாக்கிக் கொடுக்கும் சிமுலேட்டர் வேண்டும். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் 200 ஜூல் என்று திரையில் காட்டினால் போதாது. 50 ஓம் சுமையுள்ள அனலைசரில் அதை வெளியேற்றி, உண்மையில் எத்தனை ஜூல் வந்தது என்று பார்க்க வேண்டும். வென்டிலேட்டரைச் செயற்கை நுரையீரலில் மாட்டி, அது தள்ளும் காற்றின் அளவையும் அழுத்தத்தையும் தனியாக ஒரு மீட்டரில் அளக்க வேண்டும். ஒரு கருவி தன்னைப் பற்றித் தானே சொல்வதை, அளவு தெரிந்த இன்னொன்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இன்னொன்றுக்கும் காலிப்ரேஷன், அதாவது அளவு சரிபார்ப்புத் தேதி முடிந்திருக்கக் கூடாது.

மின் கசிவுச் சோதனையையும் எந்தச் சின்ன ரிப்பேருக்குப் பிறகும் விட்டுவிடாதீர்கள். ஐஇசி 60601 என்ற சர்வதேசத் தர விதியில் 'சிஎஃப்' வகை என்று ஒன்று இருக்கிறது. இதயத்தோடு நேரடியாகத் தொடர்பு ஏற்படக்கூடிய இணைப்புகளுக்கான வகை அது; கருவியின் மேல் கட்டத்துக்குள் இதயப் படம் போட்டிருக்கும். சாதாரண நிலையில் அதிலிருந்து நோயாளிக்குக் கசியலாம் என்று அனுமதிக்கும் மின்சாரம் 10 மைக்ரோ ஆம்பியர். நம் கையில் சுருக்கென்று உணரவே அதைப் போல நூறு மடங்கு, அதாவது ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் வேண்டும். ஆரோக்கியமானவருக்குத் தோல் ஒரு தடை. ஐசியூவில் படுத்திருப்பவருக்கு இதயம் வரை குழாய் போயிருக்கலாம். அந்தத் தடை அவருக்கு இல்லை. உங்கள் விரலில் எதுவும் தெரியாத கசிவு அவருடைய இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். ஒரு பவர் கார்டின் எர்த் கம்பி உள்ளே அறுந்திருந்தால் கருவி வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கும். மீட்டர் வைத்தவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

சரி, இப்போது ஸ்டிக்கருக்கு வருகிறேன். நீங்கள் ஒட்டும் ஸ்டிக்கரில் ஒரு தேதியும் ஒரு கையெழுத்தும் இருக்கும். அந்த இரண்டையும் பார்த்துத்தான் நர்ஸ் அந்தக் கருவியை நம்பி நோயாளியிடம் கொண்டு போகிறார். இப்போது உங்கள் சீனியர் கையெழுத்துப் போடுகிறார், நீங்கள் ஒட்டுகிறீர்கள். நாளைக்கு நீங்கள் போடப்போகிறீர்கள். நான்கு மாதத்தில் சால்டரிங் அயர்ன் கைக்கு வரவில்லை என்ற ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அயர்ன் தொட்டே ஆக வேண்டிய வேலை இந்தத் துறையில் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வார்டிலிருந்து வரும் புகார்களில் பேட்டரி, கேபிள், பிளக், ஃபியூஸ், அடைத்துக்கொண்ட ஃபில்டர், தளர்ந்த டியூப் இவைதான் திரும்பத் திரும்ப வரும். 11 நாடுகளின் வசதி குறைந்த மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 ரிப்பேர் கோரிக்கைகளை அலசிய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. ஓடாமல் நின்றுபோன கருவிகளில் மூன்றில் இரண்டு பங்கை, வெளிநாட்டு ஸ்பேர் எதுவும் இல்லாமல், அடிப்படைத் திறன்களை மட்டும் கொண்டே சரிசெய்துவிடலாம் என்று அது கண்டது. மின்சாரம், இயந்திரம், பவர் சப்ளை, குழாய் வேலை, மோட்டார், பொருத்துவதும் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பதும் என்று ஆறே துறைகளுக்குள் அந்தத் திறன்கள் அடங்கிவிட்டன. போன் ரிப்பேரிலிருந்து வந்த உங்களுக்கு முதல் மூன்றில் பாதி ஏற்கனவே கைவசம் இருக்கிறது. குழாயும் காற்றும்தான் புதிது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

துடைப்பதையும் வெறும் துடைப்பதாகச் செய்யாதீர்கள். கேபிளைத் துடைக்கும்போது அது கனெக்டரோடு சேரும் கழுத்தை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஈசிஜி லீடுகள், அதாவது நோயாளியின் உடலிலிருந்து மானிட்டருக்குப் போகும் கம்பிகள், பெரும்பாலும் அங்கேதான் உள்ளே அறும். ஃபேனின் வலைத்தடுப்பில் தூசு எவ்வளவு, சக்கரம் சிக்குகிறதா, பேட்டரி இருக்கும் பக்கம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ரிஜிஸ்டரில் எண் எழுதும்போது அந்தக் கருவி போன வருடம் எதற்கு வந்தது என்று பின்பக்கம் புரட்டுங்கள். ஒரே பம்ப் ஆறு மாதத்தில் மூன்று முறை வந்திருந்தால் அதைச் சீனியரிடம் சொல்லுங்கள். "இவன் ரிஜிஸ்டர் படிக்கிறான்" என்று தெரிந்த அன்று அவர் ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுப்பார். நான் வளர்த்துவிட்ட பிள்ளைகளிடம் நானும் இதைத்தான் எதிர்பார்த்தேன். அதோடு, திறக்கும் முன் சர்வீஸ் மேனுவலில் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வருபவருக்கு நான் எப்போதும் முதலில் வேலை கொடுப்பேன்.

போன் வேலையிலிருந்து கொண்டுவரக் கூடாத பழக்கங்களும் உண்டு. ஃபியூஸ் போய்விட்டால் கையில் இருக்கும் வேறு அளவைப் போட்டு ஓட்டுவது, கிடைக்கிற பேட்டரியைப் பொருத்துவது, ஒரு சென்சார் தொல்லை கொடுத்தால் அதைச் சுற்றிக் கம்பி போட்டு ஏமாற்றுவது, இவை எதுவும் இங்கே கூடாது. டிஃபிப்ரிலேட்டரை மேனுவலும் சீனியரும் பக்கத்தில் இல்லாமல் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். ஆக்சிஜன் ரெகுலேட்டரிலோ அதன் இணைப்பிலோ எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக் கூடாது, எண்ணெய்க் கையோடு தொடவும் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனில் அது தானாகத் தீப்பிடிக்கும். திருகு இறுகிப்போனால் எண்ணெய் விடுவது மெக்கானிக் கையின் இயல்பு. அந்தக் கையை அங்கே அடக்கியே ஆக வேண்டும். எம்ஆர்ஐ அறையில் காந்தம் எப்போதும் உயிரோடுதான் இருக்கும், ஸ்கேன் ஓடாவிட்டாலும். ஸ்பேனரைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். வார்டிலிருந்து வந்த எந்தக் கருவியையும் கிருமிநீக்கம் செய்ததற்கான குறிப்பு இல்லாமல், கையுறை இல்லாமல் திறக்காதீர்கள்.

உடலியல் தெரிய வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரிய வேண்டும். டாக்டர் அளவுக்கு வேண்டாம். கருவி எதை அளக்கிறதோ, எதைத் தாங்குகிறதோ அது தெரிந்தால் போதும். ஈசிஜியில் எந்த மேடு இதயத்தின் எந்த வேலை, மூச்சு இழுக்கும்போது நுரையீரலில் அழுத்தம் எப்படி மாறுகிறது, கையில் கட்டும் பட்டை இரத்த அழுத்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஒவ்வொரு கருவியோடும் அதன் உறுப்பையும் சேர்த்துப் படியுங்கள். டகுவோ அவோயாகி என்ற ஜப்பானிய எஞ்சினியரை இந்த இடத்தில் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. இதயம் எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்பதை, இரத்தத்தில் சாயம் செலுத்திக் காது வழியாக ஒளி பாய்ச்சி அளக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு அந்த அளவீட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதை நீக்க முயலும்போதுதான், துடிக்கும் அந்தப் பகுதி தமனி இரத்தத்திலிருந்து மட்டும் வருகிறது, அதை வைத்தே ஆக்சிஜன் அளவைக் கணக்கிட்டுவிடலாம் என்று கண்டார். 1974இல் அதை வெளியிட்டார். இன்று நாம் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வேலை செய்வது அந்த முறையில்தான். அவர் மருத்துவர் இல்லை. ஆனால் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

டிப்ளமோ போதும், தொடங்குவதற்கு. பிரிவுக்குத் தலைவராகவோ, கருவி வாங்கும் குழுவிலோ உட்கார விரும்பினால் டிகிரி கேட்பார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடிந்தால் படியுங்கள். அதைவிட அவசரமாக நெட்வொர்க் கற்றுக்கொள்ளுங்கள். மானிட்டரும் ஸ்கேனும் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரோடு பேசுகின்றன. "படம் போகவில்லை" என்ற புகாரில் பாதி ஐபி முகவரிப் பிரச்சினையாக இருக்கும்.

கம்பெனிக்குப் போவதா? இப்போது வேண்டாம் என்பேன். கம்பெனியில் இரண்டு மூன்று மாடல்களை ஆழமாகக் கற்றுக்கொடுப்பார்கள், பயிற்சியும் ஒழுங்காக இருக்கும். ஆனால் அங்கே போனால் கருவியைத் தெரிந்துகொள்வீர்கள், வார்டைத் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். இரண்டு ஆண்டாவது மருத்துவமனையில் இருந்து, பலவகைக் கருவிகளும் அவற்றைப் பயன்படுத்துபவர்களும் பழகிய பிறகு போங்கள். அப்போது போனால் அங்கேயும் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

கடைசியாக அந்த நடுங்கும் கோடு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பின்குறிப்புதான். மானிட்டரை மாற்றியும் நடுக்கம் அந்த இடத்திலேயே இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்கள். அப்படியானால் மானிட்டரை விட்டுவிடலாம். முதலில் கோட்டை நன்றாகப் பாருங்கள். ஒரே சீராக, அடர்த்தியான சின்னச் சின்னப் பற்களாக இருந்தால் அது மின்கம்பியிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் குறுக்கீடு. ஒழுங்கில்லாமல் நடுங்கினால் நோயாளியின் தசை அசைவாக இருக்கலாம். அப்புறம் உடலில் ஒட்டும் எலக்ட்ரோடின் ஜெல் காய்ந்திருக்கிறதா, லீட் செட் அந்தப் படுக்கையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் பழைய செட்டா என்று பாருங்கள். மானிட்டரை மாற்றியவர்கள் பலர் லீடை மாற்ற மறப்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புது எலக்ட்ரோடு, புது லீட் போட்டும் நடுக்கம் போகவில்லை என்றால், மின்சாரக் கட்டிலையும் பக்கத்தில் இருக்கும் மற்ற கருவிகளையும் ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டு, முடிந்தால் படுக்கை காலியாக இருக்கும்போது இதைச் செய்யுங்கள்.

அதற்கும் போகவில்லை என்றால் மிஞ்சுவது அந்தச் சுவர் பிளக்கின் எர்த். அதை நீங்கள் திறக்க வேண்டாம். மருத்துவமனை எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லி, வந்த எண்ணை எழுதி வாங்குங்கள். அந்த எண்ணோடு சீனியரிடம் போங்கள். "அண்ணே, நீங்க சொன்னது தப்பு" என்று தொடங்க வேண்டாம். "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று காகிதத்தை நீட்டுங்கள். எர்த் கெட்டிருந்தால் அது கோடு நடுங்கும் பிரச்சினையோடு நிற்காது. அந்தப் படுக்கையில் நாளைக்கு யாருக்காவது இதயம் வரை குழாய் போட்டிருப்பார்கள். அதனால் அடுத்த ஷிஃப்ட் வரை காத்திருக்காமல் அன்றே செய்யுங்கள்.